டெக்கில் வந்த சிரிப்பு

முதல் அறிகுறி கை. காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடவிக்கொண்டே நின்றார் என் கணவர். "இன்னாங்க, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டேன். ஏதோ பதில் சொன்னார். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. பிறகு வலப்பக்கமாகச் சரிந்து கட்டிலில் விழுந்துவிட்டார்.

அடுத்த அறிகுறி சிரிப்பு. அதை நாங்கள் நோய் என்று நினைக்கவில்லை, குணமாகிறார் என்று நினைத்தோம். உங்கள் வீட்டிலும் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) வந்த ஒருவர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவர் செலக்‌ஷன் பிரிவில் இருந்தார். பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்துப் போடும் வேலை. நான் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். உள்ளூர் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, உயிருக்கு ஆபத்து இல்லை என்று அனுப்பினார்கள். வேலூருக்குக் கூட்டிப்போய்க் கைக்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். ஆரம்ப மாதங்களை வீணடித்தால் கையும் பேச்சும் திரும்புவது கஷ்டம் என்றும் சொன்னார்கள்.

வீட்டில் பெரியவர் அவருடைய அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவரும் அதே தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருந்தார். "ஆளு கொஞ்சம் தேறட்டும்மா, அப்புறம் வேலூருக்கு இட்டுனு போலாம். இப்ப அலைக்கழிச்சா ஜாஸ்தியாயிடும்" என்றார். ஆளைத் தேற்ற அவர் கண்டுபிடித்த மருந்துதான் டெக். அப்போது வீடியோ கேசட் போடும் கருவியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

அவர்கள் தொழிற்சாலைக்கு லண்டனிலிருந்து தோல் வாங்க ஒரு பையர் வருவார். சாம்பிள் அறையில் அவர் தமாஷ் ஏதாவது சொன்னால் எல்லோரும் சிரிக்க வேண்டும். புரிந்ததா என்ற கேள்வியே கிடையாது. முதலாளி சிரித்தால் மேனேஜர், மேனேஜர் சிரித்தால் சூப்பர்வைசர், அப்படியே தோல் தூக்குகிறவர் வரைக்கும் சிரிப்பு இறங்கி வரும். இதில் மாமா படு கெட்டி. பையர் வாயை மூடும் முன்பே ஆரம்பித்துவிடுவார். அந்த பையர் கெஸ்ட் ஹவுசில் விட்டுப்போன கேசட்டுகளையும், முதலாளி வீட்டில் சும்மா கிடந்த டெக்கையும் மாமா கெஞ்சி வாங்கி வந்தார். எல்லாம் பிரிட்டிஷ் டி.வி.யில் வந்த சிரிப்புத் தொடர்கள்.

"லண்டன்காரனே விழுந்து விழுந்து சிரிக்கிறான். தம்பிக்கும் சிரிப்பு வந்தா நரம்பெல்லாம் தானா இளகிடும் பாரு" என்றார்.

ஒரு சோபா, பின்னால் மாடிப்படி, பக்கத்தில் கதவு. எந்தக் கேசட்டைப் போட்டாலும் இவ்வளவுதான். அந்தக் கதவு வழியாக யார் வரக்கூடாதோ அவர்தான் வருவார். உடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் ஹோவென்று சிரிக்கும். மாமியார் வந்தால் சிரிப்பு, பாதிரியார் டீ குடிக்க வந்தால் சிரிப்பு. புருஷன்காரன் பேன்ட் இல்லாமல் அலமாரிக்குள் ஒளிந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு வசனம் பாதிக்குமேல் புரிந்தது, அதனால் அருவருப்பும் ஜாஸ்தி. ஒரு மனுஷன் நாலு பேர் முன்னால் மானம் போய் நிற்பதைத் தவிர அதில் வேறு தமாஷே இல்லை. நடிகர்கள் கெட்டிக்காரர்கள், அதை மறுக்கவில்லை. புருவத்தைத் தூக்கிவிட்டு, கூட்டத்தின் சிரிப்பு ஓயும் வரை பொறுமையாக நின்று, அடுத்த வார்த்தையைப் போடுவார்கள். அப்படி நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாம்பிள் அறையில் பையரும் அப்படித்தான் நிற்பாராம், என் கணவரே முன்பு நடித்துக் காட்டியிருக்கிறார்.

முதல் கேசட்டிலேயே இவர் சிரித்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோண, எச்சில் வழிய, மூச்சு முட்டும் வரை சிரித்தார். மாமா குதிக்காத குறை. "நான் சொல்லல? லண்டன் மருந்து!" தெருவே திரண்டு வந்தது. வந்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்தார்கள். கேசட்டுக் கூட்டம் சிரித்தால் இவர்கள் சிரிப்பார்கள். உடனே இவரும் சிரிப்பார். அதைப் பார்த்து அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். தூ! நான் துண்டை வைத்துக்கொண்டு இவர் மோவாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

டெக்கை நிறுத்திய பிறகும் இவர் சிரித்தார். ரேடியோவில் பஸ் விபத்துச் செய்தி வந்தபோதும் சிரித்தார். "இது சரியில்லை அக்கா, வேலூருக்குப் போயிடலாம்" என்று மாமாவின் மனைவியிடம் சொன்னேன். "சிரிக்கிற மனுஷனைப் பார்த்து ஏன்மா மூஞ்சைச் சுளிக்கிற? எத்தினி பேர் அழுதுனு கிடக்கிறாங்க" என்றார் அக்கா. நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தேன். டெக் ஓடிக்கொண்டிருந்தது, கூடத்தில் ஆட்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வாம்மா, வா! இன்னிக்கு உன் வீட்டுக்காரர் ஒரே குஷி" என்றார் மாமா. "படத்துல ஒரு கிழவன் கை நடுங்கி டீயைப் பாதிரியார் மேல ஊத்திட்டான். அதுலேர்ந்து சிரிச்சுனே இருக்கான்."

இவர் லுங்கி நனைந்திருந்தது. ஒன்றுக்குப் போய்விட்டார்போல என்று நினைத்து உள்ளே கூட்டிப்போய் மாற்றப் போனேன். லுங்கியை விலக்கியதும் தொடைத் தோல் துணியோடு உரிந்து வந்தது. இடது தொடை, உணர்ச்சி இருக்கிற பக்கம். அக்கா அடுப்பிலிருந்து இறக்கிய டீயை டம்ளரோடு இவருடைய இடது கையில் கொடுத்திருக்கிறார். டம்ளர் நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்தது.

நான் கூடத்துக்கு வந்து பிளக்கைப் பிடுங்கினேன். "வெந்து போயிருக்காரு மாமா. சுத்தி உக்காந்து சிரிச்சிருக்கீங்க."

"அவனும் சிரிச்சானேம்மா..."

"சுட்டா யாராவது சிரிப்பாங்களா? சீ! மனுஷங்களா நீங்கல்லாம்?"

மாமாவை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. உள்ளூர் டாக்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை யாரையும் கேட்காமல் வாடகைக் காரை வரவழைத்தேன். மாமாதான் தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, தானும் முன்னால் ஏறிக்கொண்டார். வழியில் பள்ளிகொண்டா தாண்டும் வரை இவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

வேலூரில் டாக்டரம்மா இவர் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "வலிக்குதா?" இவர் சிரித்தார். "வீட்டுக்குப் போகணுமா?" மறுபடியும் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

"இது சந்தோஷம் இல்லம்மா. சிரிப்பையும் அழுகையையும் மூளைதான் பிடிச்சு வச்சிருக்கும். அந்தப் பிடி விட்டுப்போச்சு. உள்ளே வலியோ பயமோ எது இருந்தாலும் வெளியே இதுதான் வரும்" என்றார்.

"அப்ப, நாம பேசுறதெல்லாம் இவருக்குப் புரியுதா டாக்டர்?"

"எல்லாமே புரியுது."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா இவரிடம் சொன்னார்: "உங்களுது இல்லாத சிரிப்பு வந்தா, இடது கையால நாற்காலியைத் தட்டுங்க. நாங்க புரிஞ்சுக்கறோம்." இவர் உடனே தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை. அந்த நிமிஷம்தான் இவர் உள்ளே இருக்கிறார் என்று எனக்கு உறுதியானது.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. அங்கேயே அறை எடுத்துத் தங்கினோம். கைக்குப் பயிற்சி, நாக்குக்குப் பயிற்சி, தொடைப் புண்ணுக்குக் கட்டு. புண் சீழ் பிடித்தபோது, தோல் ஊறும் தொட்டி நாற்றத்திலேயே வளர்ந்த எனக்கே குமட்டியது. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அருவருப்பு வரத்தான் செய்யும். அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்யுங்கள், போதும். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. கை பாதி வந்தது. சட்டைப் பொத்தான் போடுவார், ஆனால் தோலின் தரம் அந்த உள்ளங்கைக்குத் தெரியவில்லை. செலக்‌ஷன் மேஜைக்கு அவர் திரும்பவே இல்லை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் முழுக்க வந்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதை இப்ப கேக்காதீங்கம்மா" என்றார்.

ஆம்பூர் திரும்பிய பிறகு, டெக்கைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஓடுகிறதா என்று பார்க்க மாமா ஒரு கேசட்டைப் போட்டார். சோபா, மாடிப்படி, கதவு. கூட்டம் சிரித்தது. பழக்க தோஷம், மாமாவும் கூடவே சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். இவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் இடது கையைப் பார்த்தேன். அது தட்டவில்லை, மடியில் கிடந்தது.

"இன்னாங்க?" என்றேன்.

மோவாயால் மாமாவைக் காட்டினார். "அண்ணனுக்கு... ஒண்ணும்... புரியல."

"எனக்கு என்னிக்குடா புரிஞ்சுது!" என்றார் மாமா. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒருநாள் காலையில் இவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வெதுவெதுப்பான தண்ணீர். சொம்பை எடுத்தபோது என் கையைப் பிடித்தார்.

"சுட்டுச்சு" என்றார்.

"தண்ணியா? சூடு ஜாஸ்தியா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். இடது தொடையைத் தொட்டார். "அன்னிக்கு."

சிரிப்பு வரவில்லை. முகம் நேராக அழுகைக்குப் போனது. அந்தச் சாயங்காலம் அவர் போட்ட அலறல் எனக்கு வந்து சேர இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. "ரொம்பச் சுட்டுச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டே, பக்கத்து வாளியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு, ஆறிப்போன அந்தத் தழும்பின்மேல் அவசர அவசரமாக ஊற்றினேன்.