தேசிக்காய்ச் சாறும் வெயிலும்: வட்டவளையில் மூன்று நாள்

2007 ஏப்ரல் விடுமுறையில் மலையகத்து வட்டவளைக்குப் போனேன். கொழும்பில் என்னோடு படிப்பித்த மல்லிகா, தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வரும்படி நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு மலையேறினோம். அட்டை ஏறாதிருக்கப் பத்து எலுமிச்சையை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, கையாலேயே பிழிந்து இருவர் காலிலும் ஊற்றினேன். கழுவவில்லை. என் கால் சேலைக்குள் இருந்தது; மல்லிகா பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மதியம்வரை நல்ல வெயில்.

மூன்றாம் நாள் எழும்பியபோது என் இரு கைகளும் சிவந்து கொப்பளித்திருந்தன. வலியோடுதான் நுவரெலியா போக 9.10 பஸ்ஸில் ஏறினேன். ஹட்டன்வரை சுமார் 14 கிலோமீட்டர், கட்டணம் இருபது ரூபாய். மல்லிகாவும் துணைக்கு வந்தாள்.

ஹட்டனுக்கு முன்னால் சோதனைச் சாவடி. பெண் சிப்பாய் ஒருத்தி என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரியைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள்.

“எதில் சுட்டது?” என்று சிங்களத்தில் கேட்டாள்.

தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். யுத்த காலத்தில் அதைவிட மோசமான பதில் இல்லை. யாழ்ப்பாணத்து ஆளின் கையில் தீக்காயம் என்றால் குண்டு செய்தது என்றே நினைப்பார்கள். பஸ்ஸை அனுப்பிவிட்டு என்னை வாங்குப் பலகையில் இருத்தினார்கள்.

“நீர் போம், மல்லிகா. உமக்கும் கரைச்சல்.”

“சும்மா இருங்க டீச்சர். ஆஸ்பத்திரி ஐயாவ கூட்டிட்டு வரேன்” என்று முச்சக்கர வண்டியில் ஏறிப் போனாள். ஒன்றரை மணிநேரம். தண்ணீர் கேட்கவும் பயம்.

தோட்டத்து மருத்துவ உதவியாளர் வந்ததும் கைகளைத் திருப்பிப் பார்த்தார். “எலுமிச்ச பிழிஞ்சிட்டு வெயில்ல நின்னீங்களா?”

எலுமிச்சை இனத்தின் தோலிலும் இலையிலும் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. பூச்சி, பூஞ்சணத்திலிருந்து மரத்தைக் காப்பது அது. நம் தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீப்புண் போலாகும். இந்த வகைப் பொருளையே அளவான ஒளியோடு வெண்படைக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் அவர் சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் நம்பவில்லை.

மல்லிகா பாவாடையை முழங்கால்வரை தூக்கினாள். சாறு வழிந்த தடத்திலேயே, கோடு கோடாகக் கொப்புளங்கள்; அட்டைக்கடி என்றெண்ணிச் சொல்லாதிருந்தாளாம்.

11.50க்கு விட்டார்கள். அட்டைக்குத் தேசிக்காய் பூசுவீர்களானால் வெயிலுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இல்லையேல் நீளக் காலுறை போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். என் தழும்பு மங்க ஐந்து மாதமாயிற்று.

அடையாள அட்டையைத் திருப்பித் தந்த பிறகும் அந்தப் பெண் சிப்பாய் நகரவில்லை. மருத்துவ உதவியாளரிடம் தணிந்த குரலில் கேட்டாள்:

“என் மகளுக்கும் வாயைச் சுற்றி இப்படி வந்தது. தேசிக்காய் சப்புவாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெண் சுட்டுவிட்டாள் என்று அடித்துத் துரத்தினேன். அதுவும் இதுதானா?”

“இருக்கலாம்” என்றார் அவர்.

அவள் அடுத்த பஸ்ஸை நிறுத்தப் போனாள்.