ஸ்வெட்டருக்குள் போன ரத்த அட்டை

தேயிலை விலை படுத்துவிட்ட காலம். எங்கள் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடித்தான் கிடக்கும். அந்த நாட்களில் நான் இத்தலார் பக்கத்துக் கேரட் தோட்டங்களில் மூட்டை தூக்கப் போவேன். உங்களுக்கெல்லாம் அப்போது விவரம் தெரியாத வயசு.

ஒருநாள் காலையிலிருந்தே யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துகிற மாதிரி நெஞ்சு வலித்தது. வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தேன், சோடா குடித்தேன். சாயங்காலம் வேர்த்துக் கொட்டியது.

"இந்தக் குளிர்ல வேர்க்குதுன்னா அது வாயு இல்லீங்க" என்று உங்கள் அம்மா என்னை ஜீப்பில் ஏற்றிச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனாள்.

இ.சி.ஜி. தெளிவாக இல்லை என்ற டாக்டர், ரத்தம் சோதிக்கப் புதிதாக வந்த ஒரு அட்டையைக் காட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். இருதயத்தில் அடி விழுந்தால் ரத்தத்தில் ஏதோ கசியுமாம். அட்டைக்குள் இருக்கிற தங்கத் துகள் அதைப் பிடித்துக்கொண்டு போய்க் கோடாக நிற்குமாம். ஒரு கோடு என்றால் பயமில்லை. இரண்டு என்றால் உடனே கோயம்புத்தூர்.

"தங்கமா? காணோமுங்களே" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாத பொடி. கோடா சேர்ந்தா சிவப்பாத் தெரியும்" என்றார்.

"எங்க ஊட்டுத் தங்கமும் அடகுக்குப் போனதுலிருந்து கண்ணுக்குத் தெரியறதில்லீங்க டாக்டர்" என்றாள் அம்மா.

நர்ஸ் என் விரலில் குத்தி அட்டையில் ரத்தம் விட்டு, அதை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். மேஜை ஐஸ் மாதிரி இருந்தது. ஃபேக்டரியில் என் வேலை, அரைத்த இலையைப் பரப்பி நிறம் ஏறும்வரை பார்த்துக்கொள்வது. குளிரில் நிறம் ஏறாது, கொஞ்சம் சூடு காட்டவேண்டும். ரத்தத்துக்கும் அப்படித்தானே? அட்டையை எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன்.

நர்ஸ் திரும்பி வந்தாள். "கார்டு எங்கீங்கண்ணா?"

எடுத்து நீட்டினேன். ரத்தம் அட்டை முழுக்க ஓடி ஸ்வெட்டரிலும் அப்பியிருந்தது.

"இதென்ன முட்டைங்களா, அடைகாக்கறதுக்கு?" என்று இன்னொரு விரலில் குத்தினாள். இந்தத் தடவை புது அட்டைக்கு அம்மா காவல்.

முதல் கோடு பளிச்சென்று வந்தது. இரண்டாவது கோடு, உற்றுப் பார்த்தால்தான் உண்டு.

"இது சாயம் பத்தலீங்க. எங்க ஃபேக்டரியிலன்னா கழிச்சுருவோம். ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றேன்.

"லேசா இருந்தாலும் கோடு கோடுதான்" என்று டாக்டர் போனை எடுத்தார்.

"நல்லாச் சாயம் ஏறட்டும், நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுங்களா? பேசாமப் படுங்க" என்றாள் அம்மா. கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

ஆம்புலன்ஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய, ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டே மலை இறங்கினாள்.

கோயம்புத்தூரில் அடைப்பை நீக்கினார்கள். "நல்லவேளை, நேரத்துல வந்தீங்க" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"இவரு எங்கீங்க வந்தாரு!" என்று அம்மா ஆரம்பித்தாள். ஓமத் தண்ணீரிலிருந்து ஸ்வெட்டர் வரைக்கும் டாக்டரிடம் சொன்னாள், நர்ஸுகளிடம் சொன்னாள், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.