என் பெயரை உடனடியாக நீக்கவும்

முட்டாள்தனம் செய்யாதவர் யாருமில்லை. ஆனால் அதை நல்ல தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எண்பத்தொன்றில் பிளஸ் டூவும் டைப்பிங்கும் முடித்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். பதிந்த தேதிதான் சொத்து. வரிசைப்படி நம் முறை வந்தால் அரசு வேலைக்கு இன்டர்வியூ கார்டு வரும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் புதுப்பித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஏழு வருடம் காத்திருந்தேன். எங்கள் தெருவைத் தாண்டும்போது தபால்காரர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துப் போகப் பழகிவிட்டார்.

எண்பத்தெட்டில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கிளார்க் ஆனேன். அந்த மிதப்பில் எழுதியதுதான் அந்தக் கடிதம்:

“ஐயா, ஏழு வருடமாக எனக்கு ஒரு கார்டு அனுப்பத் தங்களுக்கு மனம் வரவில்லை. இருப்பினும் சொந்த முயற்சியால் வேலை பெற்றுவிட்டேன். என் பெயரை உடனடியாக நீக்கி, உண்மையிலேயே வேலை இல்லாதவர்களுக்கு வழிவிடவும்.”

சொந்த முயற்சி என்றது, என் மாமா போய் முதலாளியிடம் கெஞ்சியதை.

பக்கத்து மேஜைக்காரன் எனக்கு ஒரு வருடம் பிந்திப் பதிந்தவன். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான். “ஏலே, இங்க இருக்கவன் பூராம் வேலை இல்லைன்னு சொல்லித்தான் கார்டைப் புதுப்பிச்சுட்டு வாரான். நம்ம மேனேஜரே போன மாசம் லீவு போட்டுப் போயிட்டு வந்தாரு. உன்னைய யாருலே உண்மை சொல்லச் சொன்னா?”

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கேட்டில் பூட்டு தொங்கிய அதே மாதம் அவனுக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. நான் சும்மா இருந்திருந்தால் அவனுக்கு முன்னால் எனக்கு வந்திருக்கும். வீட்டில் அப்போது கைக்குழந்தை. மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்த லெட்டரை எழுதும்போது பக்கத்துல மனுசங்க யாருமே இல்லையா?”

மறுநாளே டவுன் பஸ் பிடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

“மேடம், எண்பத்தொண்ணுல பதிஞ்சது. புத்தி இல்லாம நீக்கச் சொல்லிட்டேன். பழைய தேதியிலேயே திரும்பச் சேர்த்துக்கிட்டீங்கன்னா போதும்.”

“நீக்கின கார்டைக் கொஞ்ச காலந்தான் வச்சிருப்போம் தம்பி, பொறவு கிழிச்சிருவோம். செத்த இருங்க, பாக்கேன்.”

பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், ஒரு ஃபைலோடு வந்தார். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. திறந்தார். மேலேயே என் கையெழுத்தில் அந்தக் கடிதம்.

“அட, அது நீங்கதானா?” என்றவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “எல்லாரும் செத்த வாங்க, அவரு வந்திருக்காரு!”

நான்கு பேர் வந்தார்கள். கண்ணாடி போட்டிருந்த ஒருவர், தாளைப் பார்க்காமலேயே, “இருப்பினும் சொந்த முயற்சியால்…” என்று ஆரம்பித்து, ஒரு எழுத்துப் பிசகாமல் முடித்தார். கல்யாண மேடையில் போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன்.

“கார்டு, மேடம்?”

“அது எப்பவோ கிழிச்சாச்சு. அந்த ஏழு வருசமும் அதோட போச்சு. புதுசாப் பதியுங்க, இன்னைக்குத் தேதிதான் போடுவேன்.”

படிவத்தை நீட்டினார். ‘தற்போது வேலையில் உள்ளீரா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அன்றைக்கு அந்த வரிசையில் அதை உண்மையாக எழுதியவன் அநேகமாக நான்தான். கொடுத்துவிட்டும் மனசு ஆறவில்லை.

“கார்டைக் கிழிச்ச நீங்க, இந்த லெட்டரை மட்டும் எதுக்கு மேடம் பத்திரமா வச்சிருக்கீங்க?”

அந்த அம்மா ஃபைலை மூடினார்.

“மத்தியானம் தூக்கம் வந்தா எடுத்து வாசிப்போம்.”