போமட் அடித்துத் தரவும்

1. பலகை மாட்டிய நாள்

ஓய்வு பெற்ற மறுமாதம் சாய்ந்தமருதில் என் வீட்டு விறாந்தையில் கணினி திருத்தும் தொழிலைத் தொடங்கினேன். முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தொலைபேசிக்குச் சார்ஜ் போட வந்தார். இன்னொருவர் பழைய இரும்பு வாங்குபவர். என் மேசையைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு கதிரையில் உட்கார்ந்தார். மூன்றாவதாக வந்த பெண் தையல் மெஷினைக் கொண்டுவந்திருந்தார். கணினி மட்டும்தான் என்று பலகையைக் காட்டினேன். இதுவும் கரண்டில் ஓடுகிற சாமான்தானே என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல என் முப்பத்தொரு வருட அரச சேவை போதவில்லை.

நான் ஒரு திணைக்களத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்தவன். ஒரு விசைப்பலகையை மாற்ற ஐந்து கையெழுத்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஐந்தும் கிடைக்கும்போது அந்த விசைப்பலகை சந்தையிலேயே இல்லாமல் போயிருக்கும் என்பதும் தெரியும். எந்த வேலைக்கும் ஒரு நடைமுறை உண்டு. நடைமுறை சரியாக இருந்தால் மனிதன் தப்பலாம் என்று நம்பி ஓய்வு பெற்றேன். யார் தப்பலாம் என்று அப்போது நான் கேட்டுப் பார்க்கவில்லை.

வீட்டில் இத்தொழிலைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாமான்களின் பட்டியலும் இதில் உண்டு. பட்டியலுக்காக மட்டும் படிப்பவர்கள் அடுத்த பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

முதலில் வீட்டுக்கு, மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் ஏர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் ஏர்த் கம்பி சுவருக்குள் எங்கோ போய் முடிந்துவிடும். பிறகு, காந்த முனையுள்ள சிறிய ஸ்குரூ டிரைவர் செட், மல்டிமீற்றர், தூசு ஊதும் புளோவர், பெயின்ட் அடிக்காத ஒரு புது பிரஷ், நிலைமின்னைத் தடுக்கக் கையில் கட்டும் அன்டி ஸ்டெட்டிக் பட்டி. நன்றாக வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பவர் சப்ளையும், ரெம் எனப்படும் நினைவகத் தகடு ஒன்றும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். சந்தேகமான சாமானைச் சந்தேகமான சாமானால் சோதித்து இரண்டு நாளை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும் கேபிள் ஒன்று. வெறுமையான பெரிய டிஸ்க் ஒன்று. இந்தக் கடைசிச் சாமானைப் பெரும்பாலானவர்கள் பிறகு வாங்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் முதல் நாளே வாங்கினேன். வாங்கியதைப் பாவிக்காமல் இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று, அழிறப்பர். பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் அதே வெள்ளை அழிறப்பர். கடலுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று கணினிக்குள் நுழைந்து ரெம்மின் பொன்னிறப் பற்களில் கறையாகப் படியும். கணினி அசையாது. மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். ரெம்மைக் கழற்றி அந்தப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்ப மாட்டினால் உயிர் வந்துவிடும். என்னிடம் வரும் பத்தில் நான்கு இந்த வகைதான். ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளர் பார்த்திருக்கும்போது செய்ய வேண்டாம். உங்கள் மரியாதை போய்விடும்.

3. ஐந்தாம் கூடு, ஆறாம் கூடு

சாமான்களைவிட எனக்குப் பெருமை தந்தது நான் தயாரித்த படிவம். நிரப்புவதற்கு ஒன்பது கூடுகள், அதாவது கட்டங்கள். பெயர், முகவரி, கணினியின் தொடர் இலக்கம், வெளியில் தெரியும் சேதங்கள். ஐந்தாம் கூட்டில், கேட்ட வேலை, வாடிக்கையாளரின் சொற்களிலேயே. ஆறாம் கூட்டில், உள்ளே இருக்கும் தரவுகள் தேவையா, ஆம், இல்லை. ஒன்பதாவது கையெழுத்து. அதற்கு மேலே சிறிய எழுத்தில், தரவுகளுக்கு நான் பொறுப்பல்ல என்று மூன்று வரி.

என் மனைவி அதைப் படித்துவிட்டு, "ஊட்டயும் ஒபிஸாக்கிட்டீங்க. நாளைக்கு எனக்கிட்டயும் சோத்துக்குக் கையெழுத்துக் கேப்பீங்க" என்றாள். நான் ஐம்பது பிரதி எடுத்தேன்.

4. இர்பான்

பக்கத்துக் கல்முனைக்குடியிலிருந்து இர்பான் என்ற இளைஞன் வந்தான். வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தான். அவனுடைய மச்சான், அதாவது அவன் ராத்தா என்று அழைக்கும் அக்காவின் கணவர், லொறி ஓட்டியவர். இங்கிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் மூன்று நாள், நான்கு நாள் கழித்துத் திரும்பும் மனிதர். ஆறு வாரத்துக்கு முன் மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். அதனால் மச்சானின் லெப்டொப் தம்பியின் கையில் வந்தது. செய்தியும் அவன் வாயில்தான் வந்தது.

"ஒன் ஆகுதில்ல சேர். ஒருக்கா போமட் அடிச்சித் தாங்க."

ஐந்தாம் கூட்டில் அப்படியே எழுதினேன். போமட் அடித்துத் தரவும். ஆறாம் கூட்டுக்காக, உள்ளுக்குத் தேவையான சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"லொறி ஓடின மனிசன் சேர். அதுக்குள்ள என்ன இரிக்கப்போகுது, பாட்டும் படமும்தான்."

இல்லை என்ற கட்டத்தில் சரி போட்டேன். அவன் படிக்காமலே கையெழுத்திட்டு, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் போமட் என்ற சொல்லுக்குக் கணினிக்காரர்கள் கொடுக்கும் அர்த்தம் கிடையாது. டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்து வெறுமையாக்குவது என்று யாரும் நினைப்பதில்லை. சத்தம் வராவிட்டால் போமட். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் போமட். பிரின்டரில் கடதாசி சிக்கினாலும் போமட் அடிக்க வேண்டுமா சேர் என்று கேட்பார்கள். பழுது பார்த்துத் தாருங்கள் என்பதற்கு ஊர் வைத்திருக்கும் சொல் அது. இது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது. பிறந்து வளர்ந்தது இதே ஊரில்.

லெப்டொப்பைத் திறந்தேன். ரெம்மில் கறை. அழிறப்பர், ஐந்து நிமிடம். உயிர் வந்துவிட்டது. திரையில் ஒரு லொறியின் படம், அதன் மேல் ஏழெட்டு போல்டர்கள். ஒன்றின் பெயர் ஹனா.

அதைப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் பெயர் என்றும் நினைத்தேன். பழுது தீர்ந்துவிட்டது, இனி போமட் தேவையில்லை என்று இர்பானுக்கு ஓர் அழைப்பு எடுத்திருக்கலாம். வெறுமையான பெரிய டிஸ்க் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி எடுத்துவிட்டுத் தொடங்கியிருக்கலாம். ஆனால் படிவம் மேசையில் இருந்தது. கேட்ட வேலை எழுதப்பட்டிருந்தது. தரவு தேவையில்லை என்று கையெழுத்தும் இருந்தது. கேட்காத வேலையைச் செய்யாதே, கேட்ட வேலையை விடாதே என்று முப்பத்தொரு வருடம் நடந்தவன் நான். கரண்ட் போகக்கூடும் என்ற பயத்தில், நேரம் எடுக்கும் முழு போமட்டை விட்டு, சில விநாடியில் முடியும் குயிக் போமட் செய்தேன். புதிதாக விண்டோஸ் போட்டேன். மறுநாள் இர்பான் வந்து எடுத்துப் போனான்.

5. திரைச்சீலை

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் இறங்கினான்.

"சேர், ராத்தா கேக்கா, புள்ளட வாய்ப்பாடு எங்க எண்டு."

நான் அலுமாரியைத் திறந்து, படிவத்தை எடுத்து, அவன் முன்னால் வைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவன் முதல் தடவையாக அதைப் படித்தான். நீண்ட நேரம் படித்தான்.

"நான் போமட் எண்டு சென்னது செரிபண்ணித் தரச் செல்லித்தானே சேர்" என்றான். "நீங்களும் இந்த ஊர்தானே."

அவனோடு கல்முனைக்குடிக்குப் போனேன். முன் அறையில் கதிரை போட்டார்கள். உள்ளறை வாசலில் தொங்கிய திரைச்சீலைக்கு அப்பால் இர்பானின் ராத்தா இருந்தார். அந்த வீட்டுக்கு நான் போன இரண்டு முறையும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. குரல் மட்டும்தான்.

கணவர் வீட்டில் இல்லாத நாட்களில் மகள் வாய்ப்பாடு பாடமாக்க வேண்டும் என்பதற்காக, இரண்டாம் வாய்ப்பாடு முதல் பதினாறாம் வாய்ப்பாடு வரை கணவரே சொல்லி லெப்டொப்பில் பதிந்துவைத்திருந்தாராம். ஹனாவுக்கு எட்டு வயது. பின்னேரம் பள்ளிவிட்டு வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவாளாம். வாப்பா கேள்வி கேட்பார், இவள் விடை சொல்லுவாள்.

"மௌத்துக்குப் பொறகும் ஒவ்வொரு நாளும் அதோடதான் கதைக்கிற சேர்" என்றார் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து. "இவனுக்கிட்ட நான் சென்ன, உள்ளுக்க புள்ளட வாய்ப்பாடு இரிக்கி, கவனம் எண்டு."

இர்பான் தரையைப் பார்த்தான். "பேக்குக்குள்ள வாய்ப்பாட்டுக் கொப்பி ஒண்டு இருந்திச்சி ராத்தா. அதத்தான் செல்றீங்க எண்டு நினச்சி எடுத்து வெச்சிட்டன்."

அவன் உண்மையிலேயே அதைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்தான். உறை போட்ட கொப்பி, ஒரு மூலைகூட மடங்கவில்லை. அவனும் சொன்னதைச் சரியாகச் செய்தவன்.

 உள்ளிருந்து ராத்தா, "ஒங்களில பிழை இல்ல சேர். நீங்க எழுதித்தான் வாங்கியிருக்கீங்க" என்றார். கோபித்திருந்தால் எனக்குப் பதில் இருந்தது. மூன்று வரி, சிறிய எழுத்தில்.

"அழிஞ்சத எடுக்க ஏலுமா?"

முழுவதும் ஏலாது, கொஞ்சம் ஏலலாம் என்றேன். இனி லெப்டொப்பை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, அதை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

6. தொழில் விளக்கம்

போமட் செய்த டிஸ்க்கில் பழைய சாமான்கள் உடனே காணாமல் போவதில்லை. பெயர்ப்பட்டியல்தான் முதலில் அழிகிறது. மேலே புதிதாக எழுதினால் எழுதிய இடம் மட்டும் ஒரேயடியாகப் போய்விடும். ஆகவே ஒன்றை இழந்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் கணினியை நிறுத்துங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, முதலில் அதன் முழுப் பிரதியை இன்னொரு டிஸ்க்கில் எடுங்கள். தேடுதல் எல்லாம் பிரதியில்தான். சுழலாத புது எஸ்எஸ்டி வகை என்றால் பெரும்பாலும் நம்பிக்கை இல்லை. இது பழைய சுழலும் டிஸ்க். அந்த மட்டில் பாக்கியம்.

பெரிய டிஸ்க்கை அப்போதுதான் உறையிலிருந்து எடுத்தேன்.

பிரதி எடுக்க ஒன்றரை நாள், தேட இரண்டு நாள். நான் போட்ட புது விண்டோஸ் எங்கெங்கே உட்கார்ந்திருந்ததோ அங்கெல்லாம் ஒன்றுமில்லை. கிடைத்த ஒலிப்பதிவுகளுக்குப் பெயர் இல்லை, வெறும் இலக்கங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுத்தான் எது என்று அறியவேண்டியிருந்தது. லொறி ஓடி ஓடிக் கரகரத்த குரல். பின்னால் ஒரு கோழி. ஒரு பதிவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவர் திறக்கப் போகவில்லை.

"மூணஞ்சி?" என்று கேட்பார். பிறகு மூன்று விநாடி ஒன்றும் இருக்காது. பிள்ளை விடை சொல்வதற்காக விட்ட இடம். பிறகு, "பதினஞ்சி. சரியா மகள்?"

பதினைந்து வாய்ப்பாட்டில் இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது, பதினொன்று ஆகியவை முழுதாகக் கிடைத்தன. ஏழாம் வாய்ப்பாடு பாதி. மற்ற ஒன்பதும் இல்லை. என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள்.

7. ஏழாம் வாய்ப்பாடு

லெப்டொப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிடைத்தது எது, கிடைக்காதது எது என்று ஒரு தாளில் எழுதித் திரைச்சீலைக்குக் கீழால் நீட்டினேன். உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது. ஹனா பள்ளிச் சீருடையோடு வந்து என் அருகில் பாயில் உட்கார்ந்தாள். கிடைத்தவற்றுக்கு நான் பெயர் போட்டிருந்தேன். அவள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தொட்டாள். அது பாதிதான் மகள், வேறொன்றைப் போடுங்கள் என்றேன். அவள் கேட்கவில்லை.

குரல் வந்தது. விடைகளை அவள் நேரம் தவறாமல் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் சரியா மகள் என்றார். அவள் ஓம் என்று தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

"ஏழெட்டு?"

"அம்பத்தாறு" என்றாள் ஹனா.

அந்த இடத்தில்தான் பதிவு முடிகிறது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விநாடி போனது. அதற்கு மேலும் போனது. யாராவது சொல்லத்தானே வேண்டும் என்று, "சரி மகள்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. முதலிலிருந்து மறுபடியும் போட்டாள்.

8. இப்போது உள்ள நடைமுறை

படிவத்தில் இப்போது பத்துக் கூடுகள். ஐந்தாம் கூட்டில் வாடிக்கையாளரின் சொல் என்பதை வெட்டிவிட்டு, என்ன நடந்தது, கணினி என்ன செய்கிறது என்று மாற்றினேன். போமட் என்று யாராவது சொன்னால் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. சத்தம் வரவில்லையா, எழுத்து வரவில்லையா என்று கேட்டு அதை எழுதுகிறேன். ஆறாம் கூட்டில் ஆம், இல்லை கிடையாது. எதுவானாலும் பிரதி எடுத்தபின்தான் வேலை. கொண்டுவருபவர் கணினியின் சொந்தக்காரர் இல்லை என்றால், சொந்தக்காரரோடு தொலைபேசியில் கதைக்காமல் ஒரு ஸ்குரூவையும் கழற்றுவதில்லை. பத்தாவது கூடு நான் நிரப்புவது. உள்ளே நான் கண்டவை. சிறிய எழுத்தில் இருந்த மூன்று வரியை எடுத்துவிட்டேன். நீங்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். உங்களைக் காப்பாற்றும் என்பதற்கு நான் உத்தரவாதம்.

வாடிக்கையாளரின் பிரதியை முப்பது நாளில் அழித்துவிட வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். அதைத் தவறாமல் செய்கிறேன். ஒன்றைத் தவிர. அந்தப் பெரிய டிஸ்க் அலுமாரியில், துணியில் சுற்றி, உப்புக் காற்றுப் படாமல் இருக்கிறது. கிடைக்காத ஒன்பது வாய்ப்பாடும் அதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான்கு தடவை தேடிப் பார்த்துவிட்டேன்.