முனியாண்டி மாமாவின் கத்தி

மடக்குக் கத்தியை மூடும்போது எழும் 'டக்' என்ற சத்தத்தை வைத்தே அது யாருடைய கத்தி என்று வரிசை வீடுகளாலான எங்கள் லயத்துப் பிள்ளைகள் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். அப்பாவின் கத்தி ஆணி தளர்ந்து போய் இரண்டு தடவை முனகிவிட்டுத்தான் மூடும். முனியாண்டி மாமாவின் கத்தி ஒரே சத்தம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. கஹவத்தைக்கு மேலே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிற ஒவ்வொரு ஆணின் இடுப்பிலும் ஒரு கத்தி சொருகியிருக்கும். மரத்தில் பட்டை சீவுகிற 'பால் கத்தி' தோட்டத்துக்குச் சொந்தம், இடுப்புக் கத்தி அவனுக்குச் சொந்தம். சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் 'ஒட்டுப்பாலை'ப் பெயர்க்க, காலில் ஏறிய அட்டையை வழித்துப் போட, பாக்குச் சீவ, பலாக்காய் கீற எல்லாவற்றுக்கும் அதுதான். உடுத்த ஒழுங்கான சாரம் இல்லாதவனுக்கும் கத்தி மட்டும் நல்லதாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து முடித்ததும் ஆண்கள் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு சாக்கை விரித்துத் தங்கள் கத்திகளை அதன்மேல் வரிசையாக வைப்பார்கள். இதற்குக் 'கத்தி பாக்கறது' என்று பெயர். ஒருவருடைய கத்தியை இன்னொருவர் எடுத்து விரித்து, முன்கை மயிரை வழித்துப் பார்த்து, பாக்கை உடையாமல் ஒரே சுருளாகச் சீவிப் பார்த்து, "அலகு நல்லாத்தான் இருக்கு, பிடிதான் பொம்பளப் பிடி" என்று ஏதாவது சொல்லிச் சீண்டுவார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்பதால் சாக்கில் வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். அதைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்றும் இருந்தது. கொண்டு வந்தவன்தான் அந்தக் கத்தியைக் கொண்டு போக வேண்டும். "பொண்டாட்டி தாலியும் புருசன் கத்தியும் இரவல் கெடையாது" என்பது அங்கே பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கு. அதனால்தான் ஒரு கத்தியைப் பார்த்தால் ஒரு ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது எங்களுக்கு.

முனியாண்டி மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் லயத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வாய்க்கு வாய் 'வந்தவன்' என்றுதான் அவரைச் சொல்வார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாறையில் மட்டும் அவர்தான் ராஜா. லொறியின் உடைந்த வில்லுப் பட்டையை ஊர்க் கொல்லன் ஒருவனிடம் கொடுத்து அலகு அடித்து, கித்துல் மரத்தின் கறுத்த வைரத்தில் தானே செதுக்கிப் பிடி போட்டிருந்தார். அந்தக் கத்தியைச் சாக்கில் வைத்தால் மற்றவர்கள் தங்கள் கத்தியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

என் அப்பா சுப்பையாவுக்கு அதன்மேல் பைத்தியம். அப்பாவைப் பற்றி ஒளித்துப் பேச எனக்கு இப்போது மனமில்லை. அவர் எதற்கும் ஆசைப்பட்டுவிட்டால் வெட்கம் பார்க்கமாட்டார். ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு முன்திண்ணையான 'இஸ்தோப்பில்' மாமாவை உட்காரவைத்துக் கெஞ்சினார். "ஒரே ஒரு வாரம் மச்சான். என் கத்திய நீ வச்சுக்க, ஒன் கத்திய நான் வச்சுக்கறேன். வர்ற ஞாயிறு சாக்குல வைக்கறப்ப அவனவன் கத்தி அவனவன்கிட்ட இருக்கும். எவனுக்குத் தெரியப் போவுது?"

மாமா சிரித்தார். தன் கத்தியை ஒருவன் இவ்வளவு விரும்புகிறானே என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. "சரி, ஒரு வாரந்தான்" என்று சொல்லித் தரையில் வைத்தார். அப்பா தன்னுடைய எருமைக்கொம்புப் பிடிக் கத்தியைப் பக்கத்தில் வைத்தார். பார்த்தது அம்மாவும் நானும் மட்டும்தான். எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வெள்ளிக்கிழமை பால் நிறுக்கும் கொட்டிலில் கங்காணி அப்பாவின் வாளியில் அளவுகோலை விட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறது என்று வாளியை எட்டி உதைத்தார். பால் அப்பாவின் முகத்திலிருந்து கால்வரை தெறித்தது. "போயி ஒம்பொண்டாட்டிகிட்ட நக்கச் சொல்லு" என்று கங்காணி சொன்னதாகவும், பெண்கள் உட்பட எல்லோரும் சிரித்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். அப்பா தண்ணீர் கலந்தாரா என்றால், கலந்தார். எல்லோரும்தான் கலந்தார்கள், உதை வாங்கியது அவர் ஒருவர். வீட்டுக்கு வந்தவர் அம்மாவை விறகுக்கட்டையால் அடித்தார். அம்மாவின் காதுத்தோடு கழன்று அடுப்புச் சாம்பலில் விழுந்தது. நான் தேடி எடுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. வேலைக்குப் போன அப்பா பத்து மணிக்கே திரும்பி வந்தார். சாரம் நனைந்திருந்தது, முழங்கைவரை தேய்த்துக் கழுவியிருந்தார். "முனியாண்டி மாமா வூட்டுக்குப் போயி அப்பா கத்திய வாங்கிக்கிட்டு வா. ஓடிப்போ" என்றார். வழியில் யாரும் இல்லை, எல்லோரும் வேலைக்காட்டில்.

மாமா மூன்று நாள் காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தனியாகக் கிடந்தார். காய்ச்சல்காரன் தலைமாட்டில் இரும்பு இருந்தால் நல்லது என்பார்கள். அப்பாவின் கத்தி அவருடைய தலையணைக்கு அடியில்தான் இருந்தது. நடுங்குகிற கையால் அதை எடுத்துத் தரையில் வைத்து, "என்னோடது எங்க புள்ள?" என்று கேட்டார். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் நான், "நாளைக்குத் தருவாராம் மாமா" என்றேன். எப்படி அவ்வளவு சட்டென்று வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஒங்கப்பனுக்குக் குடுக்க மனசு வரல, பாத்தியா" என்று சிரித்தபடி அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, நனைந்த சாரத்தை மாற்றினார்.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கங்காணியைச் சாக்கில் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ரப்பர்க் காட்டுக்குள் பின்னாலிருந்து யாரோ குத்தியிருக்கிறார்கள், தோள்பட்டைக்குக் கீழே கத்தி கைப்பிடிவரை இறங்கியிருந்தது. கங்காணிக்குப் பேச்சில்லை, வாயில் இரத்தநுரை. கித்துல் பிடியைப் பார்த்ததும் அங்கே நின்ற இருபது பேரும் யாரிடமும் கேட்காமல் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

மாமாவைக் கம்பளியோடு பீலிப் பாறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். கங்காணியின் மகன் ரப்பர் விறகால் முதல் அடியை வாயில் போட்டான். பல் இரண்டு விழுந்ததை நான் பார்த்தேன். பிறகு ஆளுக்கு ஆள் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் அவர் கத்தியை எடுத்துப் புகழ்ந்தவர்கள்தான் முதலில் ஓடி வந்து மிதித்தார்கள். "வந்தவனுக்கு எங்காளு மேலயே கைவைக்கற தைரியமா?" என்று ஒருவர் கேட்டுக் கேட்டு விலாவில் உதைத்தார். பீலித் தண்ணீர் சிவப்பாக ஓடியது என்று கதையில் எழுதுவார்கள், அப்படியெல்லாம் இல்லை. பாறையில் சேறும் இரத்தமும் கலந்து வழுக்கியதில் அடிக்கப்போனவர்களே இரண்டு பேர் விழுந்தார்கள்.

மாமா உடைந்த வாயால் சொன்னார். "எங்கத்தி சுப்பையாகிட்ட இருந்துச்சு. மாத்திக்கிட்டோம். சத்தியமா."

அடி நின்றது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா நிதானமாக இடுப்பிலிருந்து தன் எருமைக்கொம்புக் கத்தியை எடுத்துப் பாறையில் வைத்தார். "எங்கத்தி எங்கிட்டதான் இருக்கு. புருசன் கத்திய எவன்டா இரவல் குடுப்பான்?" அப்படி ஒன்று நடக்கும் என்று நம்பக்கூட அவர்களால் முடியவில்லை.

"அந்தப் புள்ளையக் கேளுங்க" என்றார் மாமா. "இப்பதான் வந்து வாங்கிட்டுப் போச்சு. நான் காச்சல்ல படுத்துக் கெடந்தத அது பாத்துச்சு. ஆயி, சொல்லு ஆயி."

யாரோ என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பின்னால் நின்று என் தோளில் கைவைத்தாள். முதல்நாள் அவளை அடித்த அதே மனிதனுக்காக அவளுடைய நகம் என் தோளில் இறங்கியது. நான் ஒரு பேச்சுப் பேசினால் அந்தக் கட்டைகள் அத்தனையும் என் அப்பாமேல் திரும்பும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் பொய் சொன்னேன் என்று இப்போது சொன்னால் அதுவும் பொய்.

"நான் மாமா வூட்டுக்குப் போகவே இல்ல" என்றேன்.

கங்காணியின் மகன் மாமாவின் வலது கையைப் பாறையில் வைத்து அழுத்தச் சொன்னான். இரண்டு பேர் அழுத்தினார்கள். அவன் கோடாரியைத் திருப்பி அதன் முதுகால் அடித்தான். முதல் அடியில் மாமா கத்தினார். அடுத்த அடிகளுக்குக் கத்தவில்லை, அதற்குள் நினைவு போய்விட்டது. மூன்று விரல்கள் நசுங்கி ஒன்றாகிப் போயின. பொலிஸ் ஜீப் வந்தபோது அவரை அப்படியே தூக்கிப் போட்டார்கள். மதியம் அம்மா அப்பாவுக்காக எடுத்துவைத்திருந்த பொரித்த கருவாட்டை எனக்குப் போட்டுச் சோறு வைத்தாள். நான் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கங்காணி பிழைத்துக்கொண்டார். குத்தியவனைப் பார்க்கவில்லை என்றார். கத்தி பேசிவிட்டதால் அவர் பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மாமா சிறைக்குப் போனார். அவருடைய மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரம்புக்கனைப் பக்கம் யாரோ உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அந்த எருமைக்கொம்புக் கத்தியால் எனக்குப் பலாச்சுளை அரிந்து கொடுத்தார், என் பிள்ளைகளுக்கு மாங்காய் கீறிக் கொடுத்தார், அன்பான தாத்தா என்று பெயர் வாங்கினார், கட்டிலில் படுத்துச் செத்தும் போனார்.

போன மாதம் கஹவத்தை ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கு மருந்தெடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அடுத்த வாங்குப் பலகையில் இருந்த கிழவர் துண்டுச்சீட்டை இடது கையால் பிடித்திருந்தார். வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நிமிர்ந்திருந்தன. அவர்தான் முதலில் பேசினார். "சுப்பையா மக தானே?"

"மாமா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"எங்கிட்ட என்னாத்துக்கு சொல்ற? எனக்குத் தெரியாதா?"

"சின்ன வயசு மாமா. அப்பாவ அடிச்சிருவாங்கன்னு பயம்."

"பத்து வயசுப் புள்ள அப்பனுக்காகப் பொய் சொல்லுச்சு. அத நான் ஜெயில்ல இருக்கறப்பவே வுட்டுட்டேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒங்கப்பன் செத்து நாலு வருசம் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். இந்த நாலு வருசமா யாருக்குப் பயந்த?"

என் மானத்துக்குத்தான் பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழுந்து மெல்ல நடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிடுவது என்று வீம்பாகத்தான் போனேன். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை போட்டிருக்கிறார்கள். பீலிப் பாறையை உடைத்துக் குழாய் வைத்திருக்கிறார்கள். இடுப்பில் கத்தி வைத்திருக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. அன்று பாறையைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் கொழும்பிலும் வேறெங்கேயோ இருக்கிறார்கள். கடைசியில் பழைய லயத்தின் வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் போய் உட்கார்ந்து, கங்காணியைக் குத்தினது எங்கப்பா, முனியாண்டி மாமா இல்ல, என்றேன்.

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முனியாண்டியா, அது யாரு?" என்று கேட்டாள்.