திப்பாவில் இரண்டாவது டீ

வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. கடலோர ஊர்களைப் பார்த்தே தீருவது என்று ரூம்மேட் காஜாவின் கம்பெனி பிக்கப்பில் கராமாவில் இருக்கும் எங்கள் ரூமிலிருந்து கிளம்பி, எல்லையோர ஊரான திப்பா வரை வந்துவிட்டோம். ஓமன் எல்லையைத் தள்ளி நின்றாவது பார்க்க வேண்டும். தாண்ட முடியாது, எங்கள் பாஸ்போர்ட்டுகள் விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன.

கடற்கரை டீக்கடையில் உட்காருகிறோம். வாசலில் ஒரு அரபுப் பெரியவர் கம்பியால் மீன்கூடு பின்னிக்கொண்டிருக்கிறார். மணலில் காயும் மத்தியின் வாடை டீக்குள்ளும் இறங்குகிறது. பார்டர் எங்கே என்று அவரிடம் இந்தியில் கேட்கிறேன். தலை நிமிராமல், நாங்கள் வந்த ரோட்டைக் கட்டைவிரலால் காட்டுகிறார்.

“வோ பீச்சே ரே கயா, பாய். யே ஓமன் ஹை.”

பார்டர் பின்னால் போய்விட்டதாம். நாங்கள் டீ குடிப்பது ஓமனில். வழியில் ஒரு கேட் இல்லை, போலீஸ் இல்லை; தெரியாமலே தாண்டியிருக்கிறோம். காஜாவின் முகம் வெளிறிவிடுகிறது.

“மாப்ள, எந்திரி. செக்கிங் வந்தா என்னத்தக் காட்டுவ? யல்லா, வண்டில ஏறு.”

“இருடா.”

வேலைக்கென்று இல்லாமல், சும்மா பார்க்க நான் வந்திருக்கும் முதல் வெளிநாடு இது. கடைக்காரரிடம் இன்னொரு டீ சொல்கிறேன்.