மூன்றாவது கேள்வி

போன வருடம் பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில், மொழி ஆய்வகத்து டேப்ரிக்கார்டர்களைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தேன். நான் படித்தது மின்னணுவியல். ஆனால் எம்.ஏ. ஆங்கில மாணவர்களைச் சமூகப் பிரச்சினைகளைப் பற்றிப் பேசவைக்கும் வகுப்பையும் என்னிடமே தந்தார்கள். ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். மூன்றாவது கேள்வி தீண்டாமை பற்றியது.

“உங்க ஊர் டீக்கடையில ஆளைப் பார்த்துத் தனி கிளாஸ் தர்றாங்களா? தர்ற ஊர்க்காரங்க கை தூக்குங்க.”

“எங்கூர்ல எல்லாத்துக்கும் ஒரே கிளாஸுங்க மிஸ். டீதான் தண்ணியா இருக்குமுங்க” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஒரு கையும் உயரவில்லை. கரும்பலகையில் பூஜ்யம் போட்டேன்.

எல்லோரும் போன பிறகு, கிணத்துக்கடவுப் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் சரசு மட்டும் நின்றாள்.

“நான் கை தூக்குனா எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிருமுங்க மிஸ். எங்கூர்ல அந்தத் தனி கிளாஸ்ல குடிக்கறதே நாங்கதானுங்க. இங்க ரூம்ல நாலு பேரும் ஒரே சொம்புலதான் தண்ணி குடிக்கறோமுங்க.”

பூஜ்யத்தைத் திருத்த டஸ்டரை எடுத்தேன். திருத்தினால், யார் சொன்னது என்று நாளை வகுப்பு கேட்கும்.

“அப்படியே இருக்கட்டுமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதில் சொன்னவருக்கு அப்புறம் என்ன ஆகும் என்பது என் ஐந்து கேள்விகளில் இல்லை. இப்போதெல்லாம் வகுப்பில் யாரும் கை தூக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.